நாலு நொடியும் மூன்று பார் காற்றும்
பெண்கள் சாலை சைக்கிள் பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

கே: 2024 டூர் டி ஃபிரான்ஸ் ஃபெம்ஸின் கடைசி நாள், ஆல்ப் டியூயெஸ் மலை உச்சிக்கு முதலில் வந்தவர் டெமி வோலரிங். ஆனால் பட்டம் காசியா நியெவியாடோமாவுக்கு, அதுவும் 4 நொடி வித்தியாசத்தில். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ப: கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பட்டம் எல்லாக் கட்டங்களின் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு; ஒரு கட்டம் என்பது பந்தயத்தின் ஒரு தனி ஓட்டம். அன்று காலை மொத்த நேரத்தில் நியெவியாடோமாவைவிட வோலரிங் 75 நொடி பின்தங்கியிருந்தார். மலை உச்சியில் அவர் கோட்டைத் தாண்டி 61 நொடி கழித்து நியெவியாடோமா வந்து சேர்ந்தார். அன்றைய முதல் மூவருக்கு 10, 6, 4 நொடி போனஸ் உண்டு; அது மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும். வோலரிங்குக்கு 10 கிடைத்தது. நியெவியாடோமாவுக்கு எதுவும் இல்லை. 61 உடன் 10 சேர்ந்தால் 71. 75இல் 71 போக மிச்சம் 4. மொத்தத்தில் மூன்றாவதாக வந்த பவுலீனா ரோயாக்கர்ஸும் 10 நொடிதான் பின்னால். எட்டுக் கட்டம் ஓடி முடித்த பிறகு, முதல் மூன்று பேரும் பத்தே நொடிக்குள்!

ஆனால் அந்த 75 நொடி எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். மூன்று நாள் முன்பு, ஆம்நெவில் ஊரில் முடிந்த ஐந்தாம் கட்டத்தில், மொத்த நேரத்தில் முதலிடத்தின் அடையாளமான மஞ்சள் ஜெர்சியில் இருந்த வோலரிங் முடிவுக் கோட்டுக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தார். அன்று மட்டும் 1 நிமிடம் 47 நொடி போயிற்று. சமதளக் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ பங்சர் ஆனாலோ, விழுமுன் எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே வழங்கப்படும் என்பது விதி. முடிவுக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. மலை உச்சியில் முடியும் கட்டங்களுக்கு விதி அறவே பொருந்தாது.

விழுந்தவர் எழுந்ததும் செய்ய வேண்டியவை: ஹேண்டில்பார் முன்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா, பிரேக் சக்கரத்தில் உரசுகிறதா, செயின் பல்லில் இருக்கிறதா. அடுத்து, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வளைந்த ஹேங்கரோடு ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கும். சைக்கிளோடு பந்தயமும் முடிந்தது. கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது 30 நொடி நின்றால் 400 மீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். அதைத் தனியாக மூடுவது ஏறக்குறைய முடியாத காரியம். துணை வீராங்கனைகள் நின்று காத்திருந்து இழுத்துப் போக வேண்டும்.

கே: ஏன் பெண்கள் பந்தயங்களில் 60, 70 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே ஆட்டம் சூடுபிடித்துவிடுகிறது?

ப: அணியில் ஆள் குறைவு என்பதால். ஆண்களின் டூரில் அணிக்கு 8 பேர்; டூர் டி ஃபிரான்ஸ் ஃபெம்ஸில் 7. ஒருநாள் பந்தயங்களில் ஆண்களுக்கு 7, பெண்களுக்குப் பெரும்பாலும் 6. ஓர் ஆள்தானே என்று தோன்றும். வேலையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆறில் ஒருவர் தலைவி. இரண்டாவது ஆள் கடைசிவரை அவர் அருகிலேயே இருக்க வேண்டும். மிச்சம் நான்கு பேர்தான். அவர்களேதான் அணியின் காரிலிருந்து பாட்டில் வாங்கிவர வேண்டும், தலைவிக்குக் காற்றை மறைக்க வேண்டும், கூட்டத்தை விட்டு முன்னே ஓடிப்போனவர்களைத் துரத்தவும் வேண்டும். பாதித் தூரத்தில் இரண்டு பேர் களைத்துப்போனால் துரத்த ஆளே இல்லை. முன்னால் போகிறவரின் நிழலில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சமாகும். துரத்தலைத் தலைவியே ஏற்றால் அந்த மிச்சம் போய்விடும். அதனால் யாரும் முன்னால் வரத் தயங்குவார்கள், ஓடிப்போனவர் தப்பிவிடுவார்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக டூர் எனும் முதல்நிலைத் தொடரின் ஒருநாள் பந்தயத்துக்குப் பெண்களுக்கு 160 கிலோமீட்டர் உச்சவரம்பு. 2022 டூரில் ஒரு கட்டம் 175.6 கிலோமீட்டர் ஓடியது, அதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. பாதையைக் குறைத்தால் முதல் ஏற்றமே முடிவுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. குறைந்த தூரம் என்றால் சுலபமான பந்தயம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை கடைசி இரண்டு மணி நேரத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

கே: பாரிஸ்-ரூபேயில் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கிறார்கள்? நான் 57 கிலோ. கரடுமுரடான சாலையில் என் கை மரத்துப்போகிறது.

ப: மரத்துப்போவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கூடுதல் காற்றுதான். எடை குறைந்தவர்கள் 80 கிலோ ஆளுக்கான அளவை அடித்துவிடுகிறார்கள்.

ரூபேயின் நிலவரம் இது. 2025இல் பெண்கள் தெனான் ஊரிலிருந்து ரூபே மைதானம் வரை 148.5 கிலோமீட்டர் ஓட்டினார்கள். அதில் கருங்கல் பாவிய துண்டுகள் 17, மொத்தம் 29.2 கிலோமீட்டர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் பள்ளம். 30 முதல் 32 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் போட்டு, உங்கள் எடைக்கு முன்சக்கரத்தில் 3 பார் அழுத்தத்தில் (43 பி.எஸ்.ஐ.) தொடங்குங்கள், பின்சக்கரத்தில் 0.2 பார் கூடுதல். நல்ல தார்ச் சாலையில் 28 மில்லிமீட்டர் டயருக்கு இதே எடைக்கு 4 பாரை ஒட்டி வைப்பார்கள்.

இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. காற்று கூடினால் சக்கரம் கல்லில் பிடிக்காமல் குதிக்கும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும், கை நடுங்கும். காற்று குறைந்தால் ரிம் நேராகக் கல்லில் இடித்து டயரின் ஓரம் வெட்டுப்படும், வளைவில் டயர் ரிம்மைவிட்டு ஒரு கணம் விலகிக் காற்றைக் கக்கும். ஓட்டியபின் ரிம் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். புதிதாக ஒரு நெளிவு தட்டுப்பட்டால் 0.2 பார் கூட்டுங்கள். நெளிவு இல்லை, ஆனால் கை மரத்தது என்றால் 0.1 குறையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலித்தது என்று தெரியும்.

ஓட்டையை உள்ளிருந்தே அடைக்க ஊற்றும் திரவமான சீலன்ட், ஒரு டயருக்கு 40 முதல் 60 மில்லி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வால்வைத் திறந்து பாருங்கள். உலர்ந்து ரப்பர் பிசிறாகியிருந்தால் ஓட்டையை அடைக்காது. காலையில் கதகதப்பான இடத்தில் அடித்த காற்று, வெளியே 10 டிகிரி குளிர்ந்தால் 0.14 பார் அளவு இறங்கும். அளவை எப்போதும் கிளம்பும் இடத்தில் பாருங்கள்.

காற்று தவிர: ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று டேப், பாட்டில் துள்ளி விழாமல் கூண்டில் ஒட்டும் பிடிப்புத் துண்டு, செயின் உள்பக்கம் விழாமல் தடுக்கும் செயின் கேட்சர். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. 2021இல் முதல் பெண்கள் ரூபேயில், மழையில், 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்ற லிஸி டீக்னன் கையுறை போடவில்லை. முடிவில் அவருடைய வெள்ளை டேப் ரத்தக் கறையோடு இருந்தது. பந்தயம் வென்றவரின் கதி இது. நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஸ்பிரின்டர் (முடிவுக் கோட்டுக்கு முன் வேகப் பாய்ச்சலில் வெல்பவர்) லோரெனா வீபஸ் கடைசி 200 மீட்டரில் மட்டும் வேலை செய்வதாகத் தோன்றுகிறது. உண்மையா?

ப: அந்த 200 மீட்டர் வருவதற்கு மற்றவர்கள் செய்யும் வேலை கண்ணில் படாது. 2025 மார்ச்சில் இத்தாலியின் மிலான்-சான்ரெமோ பந்தயம் பெண்களுக்கு மீண்டும் வந்தது. ஜெனோவாவிலிருந்து 156 கிலோமீட்டர். போஜ்ஜோ மேட்டிலிருந்து இறங்கிய பிறகு எலிசா லோங்கோ போர்கினி தனியாகப் பாய்ந்தார். அவரைப் பிடித்தது வானவில் ஜெர்சி அணிந்த உலகச் சாம்பியன் லோட்டே கோபெக்கி. தானே வெல்லக்கூடியவர், அணித் தோழி வீபஸுக்காக முழு வேகத்தில் இழுத்தார். அவர் நிழலிலிருந்து விலகி வீபஸ் வென்றார், மரியான் வோஸ் இரண்டாவது. ஸ்பிரின்டரின் பின்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். கடைசி 2 கிலோமீட்டரில் அவருக்கு முன்னால் யார் இருக்கிறார், அவருக்கு முன்னால் யார் என்று பாருங்கள்.

கே: நான்கு மணி நேரக் கட்டத்தில் என்ன சாப்பிடுகிறார்கள்?

ப: மணிக்கு 80 முதல் 90 கிராம் கார்போஹைட்ரேட், சிலர் அதற்கும் மேல். 500 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் கலந்து, 25 கிராம் ஜெல் இரண்டு சேர்த்தால் 90 வந்துவிடும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போகும். அதனால் 1 பங்கு குளுக்கோஸுக்கு 0.8 பங்கு ஃபிரக்டோஸ் என்று கலக்கிறார்கள். முதல் நாளே 90க்குத் தாவினால் வயிறு உப்பி வாந்தி வரும். 50இல் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். பசிக்கும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. முதல் 20 நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில் மென்று விழுங்க முடியாது, அடிவாரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலையேற எடை குறைந்தால் நல்லது என்று சாப்பாட்டைக் குறைக்கும் இளம் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால், அதைப் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலுக்குச் சக்தி போதவில்லை என்பதன் அறிகுறி அது. எலும்பு அடர்த்தி குறையும், சிறு விழுதலில் எலும்பு முறியும். மூன்று மாதம் வராமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கோச் என்ன சொன்னாலும் சரி.

கே: டூர் மட்டும்தான் பார்க்கிறேன். சீசனை எங்கிருந்து பிடிப்பது?

ப: மார்ச்சிலிருந்து. 2025 நல்ல எடுத்துக்காட்டு. இத்தாலியின் வெள்ளை மண்சாலை, ஸ்ட்ராடே பியான்கே: வோலரிங். சான்ரெமோ: வீபஸ். ஃபிளாண்டர்ஸின் செங்குத்துக் கருங்கல் மேடுகள்: கோபெக்கி, அவருக்கு மூன்றாவது முறை. ரூபே: பாலின் ஃபெராண்ட்-ப்ரெவோ. பெல்ஜியத்தின் மேடு நிறைந்த லியேஜ்: மொரிஷியஸின் கிம் லெ கோர்ட். ஐந்து பாதை, ஐந்து விதத் திறமை, ஐந்து வெற்றியாளர்கள். பல கட்டப் பந்தயங்களில், ஸ்பெயினின் மே மாத வுவெல்டா வோலரிங்குக்கும், இத்தாலியின் ஜூலை ஜிரோ லோங்கோ போர்கினிக்கும், ஒன்பது கட்ட டூர் ஃபெராண்ட்-ப்ரெவோவுக்கும் போயின. செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்காவில் நடந்த முதல் சாலை உலகச் சாம்பியன் போட்டியில், கனடாவின் மாக்டலீன் வாலியேர் வென்றார். 2022இல் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் ஒருவரே ஜிரோ, டூர், ஸ்பெயின் பந்தயம், உலகப் பட்டம் நான்கையும் அள்ளியதோடு ஒப்பிட்டால், போட்டி எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்று தெரியும். நேரம் குறைவு என்றால் ஃபிளாண்டர்ஸையும் லியேஜையும் மட்டுமாவது விடாதீர்கள்.

கே: சம்பளம்?

ப: முதல்நிலை அணிகளுக்குக் குறைந்தபட்சம் 2020இல் 15,000 யூரோ, 2021இல் 20,000, 2022இல் 27,500, 2023இல் 32,102. அதற்கு முன் குறைந்தபட்சம் என்றே ஒன்று இருந்ததில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பந்தயம் ஓட்டினார்கள் பலர். பரிசுப் பணத்தில் தூரம் இன்னும் அதிகம். 2022இல் பெண்கள் டூர் வெற்றியாளருக்கு 50,000 யூரோ, ஆண்களுக்கு 500,000.

கே: சைக்கிள் பந்தயத்திலும் மஞ்சள் அட்டையா?

ப: ஆம், 2025 முதல். ஆபத்தாகக் குறுக்கே வெட்டுவது போன்றவற்றுக்கு. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றம், கூடவே 7 நாள் தடை. 30 நாளில் மூன்று என்றால் 14 நாள்.

கே: 2026 முதல் ஹேண்டில்பார் அகலத்துக்கு விதி வந்திருக்கிறதாமே. என் தோள் குறுகியது. என்ன செய்வது?

ப: ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை குறைந்தது 400 மில்லிமீட்டர், பிரேக் பிடிகளின் உள்பக்க இடைவெளி குறைந்தது 280. இரண்டாவது எண் முதலில் 320 என்று அறிவிக்கப்பட்டுப் பிறகு தளர்த்தப்பட்டது. சிறிய உடல்வாகு உள்ள வீராங்கனைகள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. தோளைவிட அகலமான பிடியில் முழங்கை விரியும், பாரம் மணிக்கட்டுக்கு இறங்கும், கழுத்து வலிக்கும். சராசரி ஆண் உடலை வைத்து அளவு போட்டால் இப்படித்தான் ஆகும்.

கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் குழாய் நடுவிலிருந்து நடு வரை. அதனால் 380 என்று விற்பது வெளி ஓரத்தில் ஏறத்தாழ 400 வரும். வாங்குமுன் டேப் சுற்றாமல் நீங்களே அளந்து பாருங்கள். மேலே குறுகி, கீழே விரியும் பிடியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான நேரம் கை வைக்கும் மேல்பகுதி உங்கள் தோளுக்குப் பொருந்தும். கை நீட்டம் கூடியதாகத் தோன்றினால் ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை 10 மில்லிமீட்டர் குட்டையானதாக மாற்றுங்கள். பிரேக் லீவரை உள்நோக்கித் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதற்கும் வரம்பு உண்டு, தொடக்கக் கோட்டில் அளந்து பார்க்கிறார்கள்.