உயிருக்கு விலை போடும் படிப்பா?

வணக்கம் ஐயா,

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பொருளியலில் இளமாணி முடித்தவள். சுகாதாரப் பொருளியலில் முதுமாணி செய்ய ஆசை. அம்மாவோ, "டொக்டராகவும் வரமாட்டாய், பேங்குக்கும் போகமாட்டாய், பிறகெதற்கு?" என்கிறார். எனக்கு வேறொரு குழப்பம். ஒரு வருட ஆயுளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்றெல்லாம் பாடத்திட்டத்தில் வருகிறது. மனித உயிரைக் காசாகப் பார்க்கும் படிப்பா இது?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

உங்கள் குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தீராமல் இந்தப் படிப்பில் மனம் நிற்காது.

நாம் கணக்குப் பார்க்காமல் விட்டாலும் உயிருக்கு விலை விழத்தான் செய்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது கண்ணால் கண்டோமே. வார்டில் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். மகனோ மகளோ அதைப் பிடித்துக்கொண்டு பார்மசி பார்மசியாக அலைவார்கள். காசிருந்தவர் வாங்கினார், இல்லாதவர் வெறுங்கையோடு திரும்பினார். யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது அங்கேயும் தீர்மானமானது. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் பயந்த கணக்கு இதுதான். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. மூட்டு வலியால் 0.5இல் இருக்கும் ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 10 வருடம் 0.7இல் வாழ்கிறார் என்று வையுங்கள். கூடிய 0.2ஐப் பத்தால் பெருக்கினால் 2. இதை 2 குவாலி (QALY, வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆயுள் வருடம்) என்பார்கள். செலவு 8 இலட்சம் என்றால் ஒரு குவாலிக்கு 4 இலட்சம். அதே காசை டயலிசிஸுக்கோ தடுப்பூசிக்கோ போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நைஸ் (NICE) நிறுவனம், அரச சுகாதார சேவை எந்த மருந்துக்குக் காசு கொடுக்கலாம் என்பதை இப்படித்தான் எடை போடுகிறது. முடிவுக்கான காரணத்தை வெளியிடுகிறது, எதிர்த்து மேன்முறையீடும் செய்யலாம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த மேன்முறையீடுதான். முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் குவாலி பின்னுக்குத் தள்ளிவிடும் என்ற சண்டையும் இருக்கிறது, நியாயமான சண்டை. வகுப்பில் அதையும் படிப்பீர்கள்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் மொத்தச் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்டப் பாதி, சனங்களின் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது. தனியாராக டொக்டரைப் பார்க்கக் கட்டும் சனல் காசு, பார்மசி, ஸ்கேன். கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்குப் போகும் ஒருவர் விடியற்காலையிலேயே தேசிய வைத்தியசாலைக் கிளினிக்கில் வரிசையில் நின்றால், அன்றைய சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு. அந்த இழப்பு எந்த வைத்தியசாலைப் பேரேட்டிலும் ஏறாது. பில்லை மட்டும் பார்த்துப் பழகிய உங்களுக்கு அந்த மறுபக்கத்தை அளக்கச் சொல்லித் தரும் படிப்பு இது. அதனால்தான் படியுங்கள் என்கிறேன்.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இங்கே இதற்கான வேலைகள் குறைவு. சுகாதார அமைச்சு, கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வு நிறுவனங்கள், உலக வங்கி போன்றவற்றின் திட்டங்கள், காப்புறுதி, அவ்வளவுதான். வெளிநாடென்றால் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பேர்போனது. கட்டணம் பவுண்களில் என்பதால் பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவற்றை முதலில் பாருங்கள், கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம். எங்கே சேர்ந்தாலும் பொருளியலளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளிவிவர முறையில் ஆராய்வது) பாடம் கனமாக இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். முகாமைத்துவப் பாடங்களே நிறைந்திருந்தால் உங்களுக்கு அது வேண்டாம்.

இப்போதைக்கு இரண்டு வேலை. பொருளியலாளர் கென்னத் ஆரோ வைத்தியச் சந்தை பற்றி 1963இல் எழுதிய கட்டுரையை வாசியுங்கள். எப்போது நோய் வரும் என்று நமக்கும் தெரியாது, மருந்து பலிக்குமா என்று டொக்டருக்கும் நிச்சயமில்லை. அப்படியிருக்க வைத்தியம் ஏன் மற்றச் சந்தைகளைப் போல நடக்காது என்பதை அதில் விளக்குகிறார். அப்புறம், ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளைக் கணினியில் இறக்குங்கள், இலவசம்தான். புள்ளிவிவரவியலைப் பழைய நோட்ஸிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். இரண்டு மாதம் அதில் உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.