மின்னழுத்தம் கொடுக்காத படிகத்துக்குள் மின்புலம் எப்படி வருகிறது?

கேள்வி பினாங்கு ஆய்வகம் ஒன்றிலிருந்து: இரும்பு கலந்த லித்தியம் நியோபேட் என்ற ஒளியியல் படிகத்தில் பச்சை லேசரைப் பாய்ச்சினால், சில நிமிடங்களில் ஒளிப்புள்ளி ஒரே திசையில் இழுபட்டுச் சிதறுகிறது. ஏன்?

இழுபடும் திசை சி-அச்சு, அதாவது படிகத்தின் முதன்மை அச்சு. வெளிச்சம் பட்ட இடத்தில் இரும்பு அயனிகள் எலக்ட்ரான்களை விடுகின்றன. அவை பெரும்பாலும் அந்த அச்சு வழியே நகர்ந்து, இருண்ட ஓரத்தில் சிக்கிக்கொள்கின்றன. பிரிந்த மின்னூட்டமே புலத்தை உண்டாக்குகிறது. அது மீட்டருக்கு 1 கோடி வோல்ட் அளவுக்கும் ஏறலாம். ஒளிவிலகல் எண் மாற்றம் = ½ × n³ × r × E; இதில் n ஒளிவிலகல் எண், E புலம், r புலத்தால் அந்த எண் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் கெழு. n 2.2, r 31 பிக்கோமீட்டர்/வோல்ட் என்று போட்டால் சுமார் 0.00165. கற்றையைக் கலைக்க இது தாராளம்.

லேசர் சக்தியைக் குறைத்துப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் வீண்: சிதறல் தாமதமாகும், இறுதிப் புலம் ஏறக்குறைய அதேதான். ஒளிப்பாதையில் உள்ள அரை-அலைத் தகட்டைத் திருப்பி, முனைவாக்கத்தை (ஒளி அலை அதிரும் திசையை) சி-அச்சுக்குச் செங்குத்தாக்குங்கள்; r மூன்றில் ஒரு பங்காகும், சிதறல் கண்ணெதிரே குறையும். படிகத்தில் ஏற்கெனவே தங்கிய புலத்தை அழிக்க, சீரான வெள்ளை ஒளியில் ஊற வையுங்கள். புலமே வேண்டாமென்றால் 5 மோல் சதவீத மெக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகம் வாங்குங்கள்.

நம்மூரில் இன்னொரு தொல்லை, ஏர்கான். வெப்பநிலை 1 டிகிரி மாறினாலே சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோவோல்ட் போலப் புலம் எழும். சி-அச்சுக்குச் செங்குத்தான முகங்கள் இரண்டிலும் வெள்ளிப் பசை தடவி, ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். குளிர்ந்த படிகத்தை வெளியே எடுத்தால் வியர்க்கும். பெட்டியோடு அரை மணி நேரம் வைத்துப் பிறகு திறங்கள்.