கோடைப் பௌர்ணமியில் கனூப் பயணம்: கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள அல்கொன்குவின் பூங்கா ஏரிகளில், கனூ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் வழிகாட்டியுடன் செல்லும் பௌர்ணமி இரவுப் பயணங்கள் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அங்கே வழிகாட்டியாகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (ஸ்காபரோ): ஐயா, பௌர்ணமி நிலவு உச்சியில் இருப்பதால் விளக்கே வேண்டியதில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: கோடைப் பௌர்ணமி உச்சிக்கு வருவதே இல்லை. முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், சூரியன் உயர்ந்து செல்லும் காலத்தில் அது தாழ்ந்தே செல்லும். அல்கொன்குவினில் ஜூன் மாத நிலவு, நள்ளிரவு கடந்து தெற்கே தன் அதிக உயரத்தை எட்டும்போதும் அடிவானிலிருந்து ஏறத்தாழ 20 பாகைதான் உயர்ந்திருக்கும். நிலவின் பாதை மெல்ல மாறிவரும் 18.6 ஆண்டுச் சுழற்சியின் காரணமாக 2024, 2025ஆம் ஆண்டுகளில் அது இன்னும் தாழ்வாகவே சென்றது.

இதன் விளைவு தண்ணீரில் தெளிவாகத் தெரியும். தென்கரையில் நிற்கும் 20 மீற்றர் உயரப் பைன் மரத்தின் நிழல் 50 மீற்றருக்கும் அதிகமாக ஏரிக்குள் நீள்வதால், அங்குள்ள பாறையோ மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையோ கனூ மோதும்வரை கண்ணில் படாது. வடகரையிலோ ஒவ்வொரு கல்லின் விளிம்பும் வெளிச்சத்தில் நிற்கும். கனூ கவிழ்ந்தால் குளிர்ந்த நீரிலிருந்து விரைவில் கரையேற, கரையை ஒட்டியே செல்ல வேண்டியிருப்பதால், என் குழுக்களை வடகரை வழியாகவே அழைத்துச் செல்கிறேன். உங்கள் வழிகாட்டி எந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். அவருக்கு அந்த ஏரியை இரவில் எவ்வளவு தெரியும் என்பது அதிலேயே புலப்படும்.

கேள்வி (மார்க்கம்): பௌர்ணமி நாளன்றே செல்ல வேண்டுமா?

பதில்: அதற்கு முந்தைய நாளையே நான் விரும்புகிறேன். பௌர்ணமியன்று நிலவு சூரியன் மறையும் வேளையை ஒட்டியே உதிக்கிறது. தென்கிழக்கு மரங்களுக்கு மேலே வர மேலும் ஒரு மணி நேரமாவது ஆகும். முந்தைய நாளில் அது சூரியன் மறையும் முன்பே எழுந்துவிடுவதால், அந்தி மங்கும்போது வெளிச்சம் அறுபடுவதில்லை. மாதங்களில் ஆகஸ்ட் சிறந்தது: நீர் வெதுவெதுப்பாக இருக்கும், கொசுவும் குறைந்திருக்கும்.

கேள்வி (மிசிசாகா): எனக்கு நீந்தத் தெரியாது. எட்டு வயது மகளுடன் வரலாமா?

பதில்: வரலாம், ஆனால் முதலில் ஒரு பகல் பயணம் சென்று பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, விசில், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, சூரியன் மறைந்த பின் ஒரு விளக்கு ஆகியவை கனூவில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. அங்கியைக் காலடியில் வைத்திருப்பது போதாது. கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். குளிர்ந்த நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போராடுவார். அதன்பின் கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடங்களுக்குத்தான். இருட்டில் தண்ணீருக்குள் இருந்தபடி அங்கியை மாட்டிக்கொள்வது மிகமிகக் கடினம். மகள் நடுவில், கனூவின் தரையில் உட்காரட்டும்.

கேள்வி (ஒட்டாவா): கைப்பேசி வெளிச்சத்தைக்கூட ஏன் தடை செய்கிறார்கள்?

பதில்: கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும், உங்களுக்கு மட்டுமன்றிப் பின்னால் வரும் கனூவில் இருப்பவர்களுக்கும். மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம். மோட்டார்ப் படகு நெருங்கினால் மட்டும் வெள்ளை விளக்கைத் தயங்காமல் காட்டுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): லூன் பறவையைக் காண முடியுமா?

பதில்: 1987 முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் நீர்ப்பறவையே அது. இரவில் பெரும்பாலும் குரலாகவே கிடைக்கும். நீண்டு ஒலிக்கும் அழைப்பு, துணையைத் தேடுவது. நடுங்கும் சிரிப்பைப் போன்றது, அச்சத்தைக் காட்டுவது. ஏறி இறங்கும் மூன்றாவது குரலை ஆண் பறவை மட்டுமே தன் எல்லையைக் காக்க எழுப்பும். பின்னைய இரண்டில் எது அருகில் கேட்டாலும், குஞ்சுகள் பக்கத்தில் இருக்கலாம் என்று கருதி உடனே விலகிச் செல்லுங்கள். புகைப்படத்துக்காக நெருங்குவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை.

கேள்வி (மார்க்கம்): மேகம் மூடினால்?

பதில்: மேகத்துக்காகப் பயணத்தை நிறுத்துவதில்லை, காற்றுக்கும் மூடுபனிக்கும் நிறுத்துவேன். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.