கம்பெனிப் பணத்தில் அண்ணன் வீடு

கேள்வி (2025-இல் வந்தது): நான் லண்டனில் ஐ.டி. கான்ட்ராக்டர். சொந்த லிமிடெட் கம்பெனி மூலம் ஐந்து வருடம் ஒரு சின்ன தனியார் நிறுவனத்துக்கு வேலை செய்தேன். இப்போது ஒரு என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) டிரஸ்டில் நாளுக்கு 400 பவுண்டு. ‘இன்சைடு ஐ.ஆர்.35’, அதாவது கம்பெனி வழியாக வந்தாலும் வரிக்கு நான் ஊழியர் மாதிரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடையில் நின்று வரி பிடித்துத் தரும் ‘அம்ப்ரெல்லா’ நிறுவனம் வழியாகத்தான் சம்பளம். வீட்டுச் செலவு மாதம் 3,300. ஊரில் அண்ணன் மேல்மாடி எடுக்கிறார். இரண்டு வருடமாக மாதம் 1,000 பவுண்டு அனுப்புகிறேன். என் டைரக்டர்ஸ் லோன் கணக்கில் (கம்பெனியிடமிருந்து நான் எடுத்த கடன்) 24,000 பவுண்டு நிலுவை நிற்கிறது, டிவிடெண்ட் எடுக்க லாபம் மிச்சமில்லை என்கிறார் கணக்காளர். கணக்காண்டு 2025 மார்ச் 31-இல் முடிந்தது. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்பில் 9,000 இருக்கிறது. 85 சதவீதம் கைக்குத் தரும் அம்ப்ரெல்லா ஒன்றை நண்பர் சொல்கிறார். மாறலாமா? இந்த ஐ.ஆர்.35 விதி எங்களைக் கவிழ்த்துவிட்டது.

பதில்: மாறாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்களைக் கவிழ்த்தது ஐ.ஆர்.35 தானா என்று முதலில் பார்ப்போம்.

வருடத்துக்கு 220 நாள் என்றால் 88,000 பவுண்டு. அம்ப்ரெல்லாவில் முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸும் (சம்பளத்தின் மேல் கட்டும் சமூகக் காப்பீடு) இந்தத் தொகையிலிருந்தே போகிறது. அவர்கள் கட்டணமும் போக, சம்பளம் என்று நிற்பது சுமார் 75,800. 2025-26 விகிதப்படி வரியும் உங்கள் பங்கு இன்ஷூரன்ஸும் கழித்தால் 54,500, அதாவது மாதம் 4,540. பென்ஷனைச் சேர்க்கவில்லை. இதே 88,000 பழையபடி கம்பெனிக்கு வந்து, கார்ப்பரேஷன் டாக்ஸ் (கம்பெனி லாபத்துக்கான வரி), டிவிடெண்ட் வரி, கணக்காளர் செலவு எல்லாம் போனால் கைக்கு 59,000 சொச்சம். மாதம் 4,930.

வித்தியாசம் மாதம் 400 பவுண்டு. வலிக்கும்தான். ஆனால் 24,000 பவுண்டுக் குழியை இந்த 400 தோண்டவில்லை.

மாதம் 1,000 வீதம் இரண்டு வருடம்: 24,000. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் கிடந்தது, அரசுக்குக் கட்டவேண்டிய வாட் வரியும் கார்ப்பரேஷன் டாக்ஸும் சேர்ந்த பணம். அண்ணன் போன் செய்தபோதெல்லாம் அதிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கணக்கில் தெரிவதெல்லாம் தன் பணம் என்று நினைக்கும் இந்தப் பழக்கம் ஐ.ஆர்.35 இல்லாவிட்டாலும் உங்களை இங்கேதான் கொண்டுவந்திருக்கும்.

2026 ஜனவரி 1-ஆம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்ப்பரேஷன் டாக்ஸ் கட்ட அன்றுதான் கெடு. அதற்குள் திரும்பாத டைரக்டர் கடனுக்கு 33.75 சதவீதம் தனி வரியும் அன்றே வருகிறது. 24,000-க்கு அது 8,100. கடனை அடைத்தால் இந்த வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 10,000-க்கு மேற்பட்ட வட்டியில்லாக் கடன் என்பதால் அந்தச் சலுகைக்கு உங்கள் பெயரிலும் வரி உண்டு. பணம் நேராக அண்ணன் கணக்குக்குத்தான் போனது என்று சொல்லித் தப்ப முடியாது. உடன்பிறந்தவருக்குக் கொடுத்த கடனும் இதே விதிக்குள் வரும். டிசம்பரில் கைமாற்று வாங்கி அடைத்துவிட்டு ஜனவரியில் திரும்ப எடுக்கும் யோசனையும் வேண்டாம். 5,000 அல்லது அதற்கு மேல் கட்டி 30 நாளுக்குள் மறுபடி எடுத்தால், கட்டாததாகவே கொள்வார்கள்.

ஐ.ஆர்.35 உங்களை உண்மையில் கடிக்கும் இடம் வேறு. கம்பெனிக்கு இனி வருமானமே இல்லை. லாபம் வந்து டிவிடெண்டில் கழித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. வரி பிடித்த சம்பளத்திலிருந்துதான் கடனை அடைக்க வேண்டும்.

டிரஸ்டின் முடிவை எதிர்க்கலாமா? 2017 ஏப்ரல் 6 முதல் பொதுத்துறையில் இதைத் தீர்மானிப்பது வேலை தருபவர்தான். உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பும் உரிமை நிஜமாகவே இருந்தால், வேலையை எப்படிச் செய்வதென்று நீங்களே முடிவு செய்தால், எழுதிக் கேளுங்கள். 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதை நம்பி மட்டும் செலவைத் திட்டமிடாதீர்கள். 2022 செப்டம்பரில் இந்தச் சீர்திருத்தங்களையே ரத்து செய்வதாக அரசு அறிவித்தது, அக்டோபரில் அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றது.

இனி அந்த 85 சதவீதம். உங்கள் வருமானத்துக்கு நேர்மையான அம்ப்ரெல்லா எதுவும் சுமார் 62 சதவீதம்தான் தர முடியும். எல்லோரும் பிடிக்கவேண்டிய வரி ஒன்றே. மீதி 23 எங்கிருந்து வரும்? சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடன், அட்வான்ஸ் என்று பெயர் மாற்றித் தருவார்கள். இப்படி வாங்கியவர்கள் மேல்தான் 2019-இல் ‘லோன் சார்ஜ்’ விழுந்தது. கடன் என்று வாங்கியதை வருமானமாகக் கணக்கிட்டு, பல வருட வரியை ஒரே அடியாகக் கேட்டார்கள். திட்டத்தை விற்றவர் கமிஷனோடு போய்விடுவார், வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். இவ்வளவு நடந்த பிறகும் இதை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வாரமே ஐசாவிலிருந்து 6,000 எடுத்துக் கம்பெனியில் கட்டுங்கள். கையிருப்பாக 3,000 இருக்கட்டும். செலவு போக மாதம் 1,240 மிஞ்சுகிறது, அதில் 1,000 கம்பெனிக்கு. கெடுவுக்குள் நாலு தவணை கட்டினாலும் கடன் 14,000 ஆகும், தனி வரி 4,700-க்கு இறங்கும். வரி முழுவதையும் ஒரே நாளில் கட்ட முடியாதென்றால், கெடு தேதிக்கு முன்பே எச்.எம்.ஆர்.சி.க்குப் போன் செய்து தவணை கேளுங்கள். கெடு தாண்டினால் வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அண்ணனிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்த மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் அனுப்ப முடியாது’ என்று காலத்தோடு சொல்லுங்கள். கூரை காங்கிரீட் முடிந்திருந்தால் பூச்சு வேலை காத்திருக்கலாம். அவசரமென்றால் அவர் பெயரில், அவர் வருமானத்துக்கு வங்கி தரும் அளவுக்கு வீட்டுக்கடன் வாங்கட்டும். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

கம்பெனியையே மூடிவிடலாமே என்று அடுத்துத் தோன்றும். வரி பாக்கியோடு மூட விண்ணப்பித்தால் எச்.எம்.ஆர்.சி. ஆட்சேபிக்கும். கம்பெனி திவாலானாலும், பொறுப்பேற்கும் அதிகாரி உங்களிடம் அந்தக் கடனைக் கேட்பார். கடன் அடைந்த பிறகு கணக்காளரைக் கேட்டு மூடுங்கள்.