கிடாவின் பருவம்: செம்மறி வளர்ப்போரின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

ஐயா, எங்கள் கிடா சில மாதங்கள் பெட்டைகளை விரட்டிக்கொண்டே திரிகிறது. பிறகு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நோயாக இருக்குமோ?

நன்றாகத் தின்று நடமாடுகிறது என்றால் பெரும்பாலும் நோயில்லை. பகல் குறையும் காலத்தில்தான் செம்மறிக்கு இனச்சேர்க்கைப் பருவம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். இலையுதிர் காலத்தில் சேர்ந்தால் வசந்தத்தில், புல் தழைத்திருக்கும்போது குட்டி பிறக்கும். பெட்டையின் கணக்குக்குக் கிடாவும் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

குளிர்தான் கிடாவைத் தூண்டுகிறது என்கிறார்களே?

இல்லை, வெளிச்சம். மூடிய கொட்டகையில் 16 மணி நேர வெளிச்சத்தில் சில மாதம் வைத்து, பிறகு அதை 8 மணி நேரமாகக் குறைத்தால், வெளியே எந்தப் பருவமாக இருந்தாலும் கிடாவின் விதைகள் (விரைகள்) பருக்கத் தொடங்கும்.

கண்ணில் படும் ஒளியின் செய்தி மூளை வழியாகப் பீனியல் சுரப்பிக்குப் போகிறது. அது இருட்டில் மட்டுமே மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். உடல் கவனிப்பது அந்த நேரத்தைத்தான். அதன்படி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தன் தூண்டு ஹார்மோனை அடிக்கடி விட, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இனப்பெருக்க ஹார்மோன்கள் இரண்டையும் கூட்டுகிறது. விதை பருக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, கிடா முட்டத் தொடங்குகிறது. கவனியுங்கள்: முரட்டுத்தனம் கடைசியில்தான் வரும். விதைகள் அதற்குப் பல வாரம் முன்பே, கோடையிலேயே வளரத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் ஆண்டு முழுவதும் இருட்டிலேயே வைத்திருக்கலாமே?

பலிக்காது. குறும்பகல் மாதக்கணக்கில் நீடித்தால் உடல் அதற்குப் பழகிப்போய், விதைகள் தாமாகவே சுருங்கும். மீண்டும் தூண்ட வேண்டுமானால் இடையில் நெடும்பகல் தேவை.

விதை சிறுத்த காலத்தில் கிடா மலடா?

பெட்டைக்குப் பருவம் முடிந்தால் சினைமுட்டை வருவதே நின்றுவிடும். கிடா அப்படியல்ல. பெரும்பாலான இனங்களில் விந்தணு குறையும், ஊனமுள்ளவை பெருகும், ஆசை மங்கும்; உற்பத்தி முற்றிலும் நிற்பது அரிது. ஸ்காட்லாந்துத் தீவுகளின் சோயே போன்ற பழைய இனங்களில் ஏற்ற இறக்கம் மிகக் கடுமை. மெரினோவில் மிதம். வெப்பமண்டல இனங்களில் இன்னும் குறைவு. அங்கே தீவனமும் வெயிலும்தான் பெரிதாக நிற்கும்.

கிடாவை எப்போது பரிசோதிக்க வேண்டும்? பட்டியில் விடும் வாரம் போதுமா?

போதாது. என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 7 வாரம்; பிறகு விதைமேல் குழலில் முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்று கிடா தருவது இரண்டு மாதத்துக்கு முன் உருவாகத் தொடங்கியது. அந்த இடைவெளியில் கடும் காய்ச்சல் வந்திருந்தால், இன்று கிடா எவ்வளவு மினுமினுப்பாக நின்றாலும் பெட்டைகள் சினைப்பிடிக்காமல் மீண்டும் பருவத்துக்கு வரும்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே அளவு நாடாவை எடுங்கள். விதைப்பையின் அகலமான இடத்தில் சுற்றளவு பாருங்கள். வளர்ந்த கிடாவுக்குப் பருவத்தில் 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. இரு விதைகளும் ஒரே அளவாக, இறுகிய தசை போலத் திண்ணென்று இருக்க வேண்டும். தொளதொளப்போ கட்டியோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புரதத் தீவனத்தையும் அப்போதே கூட்டுங்கள். வெளிச்சம் மாறாவிட்டாலும் நல்ல தீவனமே விதையைப் பருக்கவைக்கும். கடைசி வாரத்தில் கொட்டும் தீவனம் கொழுப்பாகத்தான் சேரும்.

வெயில் எவ்வளவு கெடுக்கும்?

நிறைய. விதைகள் உடல் வெப்பத்தைவிட 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். நிழல் கொடுங்கள், விதைப்பை மேல் அடர்ந்த ரோமம் இருந்தால் கத்தரியுங்கள்.

மெலடோனின் மருந்து வைக்கலாமா?

18 மி.கி. அடங்கிய சிறு குச்சியைக் காதின் அடித்தோலுக்குள் வைக்கும் முறை சில நாடுகளில் உண்டு. பெட்டைக்கு ஒன்று, கிடாவுக்கு மூன்று. பருவத்தை முன்னே இழுக்கும். மலட்டுக் கிடாவைத் திருத்தாது.

பருவமில்லாத காலத்தில் கிடாவை உள்ளே விட்டால் பெட்டைகள் பருவத்துக்கு வருமா?

ஒரு மாதமாவது கிடாவின் வாடையே படாமல் பிரித்து வைத்திருந்தால் வரும். பருவம் நெருங்கும் வாரங்களில் இன்னும் நன்றாகப் பலிக்கும். வாடை பட்டதுமே பெட்டையின் எல்.எச். ஏறி, இரண்டு மூன்று நாளில் சினைமுட்டை வெளிவரும். அந்த முதல் முறை வெளியே அறிகுறி தெரியாது. பெட்டை கிடாவுக்கு இசைந்து நிற்பது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரங்களில். சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்தில் கிடாவின் வாடையும் மங்கியிருக்கும். பருவத்தில் நிற்கும் ஓரிரு பெட்டைகளுடன் சில நாள் முன்னதாகப் பழகவிட்டால் அதன் எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் ஏறும். அதன் பிறகு மந்தைக்குள் விடுங்கள்.