உள்ளே போகலாம் என்று யார் சொல்வது?

கேள்வி: டாக்டரம்மா, என் கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். யாராவது கவரில் ஆந்த்ராக்ஸ் பொடி அனுப்பிவிட்டால், பிளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டு மறுநாளே வேலைக்குக் கூப்பிடுவார்களா? சுத்தமாகிவிட்டது என்று யார் முடிவு செய்வது?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நல்ல கேள்வி அம்மா. மேஜை, தரைக்கு பிளீச்சிங் சரி. மெஷினுக்குள்ளும் ஏசி குழாய்க்குள்ளும் அது எட்டாது. ஆந்த்ராக்ஸ் என்ற இந்த உயிர்க்கொல்லிக் கிருமி வித்தாக மாறி, ஓடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் படுத்துக்கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் 1942-இல் பிரிட்டிஷார் இதை ஆயுதமாகச் சோதித்தார்கள். 1986-இல் பார்மால்டிஹைடு கலந்த கடல்நீர் தெளித்து, பிறகு ஆடுகளை மேயவிட்டுப் பார்த்து, 1990-இல்தான் பயமில்லை என்றார்கள்.

உங்கள் கணவர் வேலைக்கு நெருக்கமான கதை வாஷிங்டனில் நடந்தது. 2001 அக்டோபர் 15-இல் ஒரு செனட்டர் அலுவலகத்தில் பொடிக் கடிதம் பிரிக்கப்பட்டது. அது வந்த வழியான பிரெண்ட்வுட் தபால் நிலையமோ 21-ஆம் தேதி வரை ஓடியது. அங்கே வேலை பார்த்த இருவர் இறந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அப்புறம் கட்டடம் முழுக்க குளோரின் டை ஆக்சைடு வாயுவை நிரப்பினார்கள். எடுத்த மாதிரிகளில் ஒரு வித்துகூட முளைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. தனியாக ஒரு நிபுணர் குழு பார்த்துச் சரி என்ற பிறகு, 2003 டிசம்பரில்தான் திறந்தார்கள்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நானும் இதே முறையில்தான் ஆட்டோகிளேவை, அதாவது ஆபரேஷன் கருவிகளைச் சூடான ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் மெஷினைச் சோதித்தேன். சுண்டுவிரல் அளவு குப்பி. உள்ளே தீங்கில்லாத வித்து தடவிய காகிதத் துண்டும் ஊதாத் திரவமும். ஆவியில் வைத்தெடுத்த பிறகு சூட்டில் இரண்டு நாள். வித்து பிழைத்திருந்தால் மஞ்சளாகும். ஒருநாள் மீட்டர் வேண்டிய 121 டிகிரியைக் காட்டியும் குப்பி மஞ்சளாகிவிட்டது. கதவின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. ஆபரேஷன் காத்திருக்கிறது, கருவிகளைக் கொடுங்கள் என்று மேலே இருந்து ஒரே அவசரம். நான் கொடுக்கவில்லை.

எந்த மெஷினுக்கு அடியில் தூசி சேரும், எந்த மூலையை யாரும் துடைப்பதில்லை என்று உங்கள் கணவருக்குத்தான் தெரியும். மாதிரி எங்கே எடுப்பது என்று பேசும்போது அவரைப் போன்றவர்களும் உட்கார வேண்டும். பரிசோதனை முடிவை, தனக்குப் புரிகிற பாஷையில், தாளில் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு அவர் உள்ளே போகட்டும்.