கண் மருத்துவர் பதில்கள்: கோபுரம் தெரிகிறது, இழை தெரியவில்லை

கேள்வி: வயது 38. திருபுவனத்தில் பட்டு நெய்கிறேன். வாசலில் நின்றால் கோபுரத்துப் பொம்மைகள்கூடப் பளிச்சென்று தெரிகின்றன. பொழுது சாய்ந்தபின் அறுந்த பாவு இழையைப் பிணைத்தால், ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னோர் இழை. கண்ணாடிக் கடையில் பவர் இல்லை என்கிறார்கள். ஏன் டாக்டர்?

பதில்: எங்கள் வீட்டிலும் குழித்தறி இருந்தது, தம்பி. மாலை நாலு மணிக்கு மேல் இழை அறுந்தால் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். அதனால் நீங்கள் சொல்லும் நிழல் எனக்குப் புரிகிறது.

கடையில் 6 மீட்டர் தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் இழை பிணைப்பது ஓரடி தூரத்தில். அங்கே பார்க்க, கண்ணுக்குள் தசை இறுகி, லென்ஸ் நடுவில் உப்புகிறது. இதை லென்ஸ்தான் செய்கிறது என்று தாமஸ் யங் 1801-இல் எழுதினார். தண்ணீர்க் குழலைத் தன் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தவர் அவர். தண்ணீர் பட்டால், கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கருவிழியின் ஒளி வளைக்கும் சக்தி அநேகமாகப் போய்விடும். அப்படியும் அவரால் கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றிப் பார்க்க முடிந்தது; ஆக, அந்த வேலையைச் செய்வது கருவிழி அல்ல.

எந்தக் கண்ணிலும் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேராது. தூரத்தைப் பார்க்கும்போது பெரும்பாலானவர்களுக்குக் கண் பாப்பாவின் (ஒளி நுழையும் நடுத்துளையின்) ஓரமாக நுழையும் கதிர், நடுவில் நுழைவதைவிடச் சற்று முன்னாலேயே கூடிவிடும். லென்ஸ் உப்ப உப்ப அந்தக் குறை தேய்ந்து, அப்புறம் தலைகீழாகும்: ஓரக் கதிர் பின்னால் தள்ளிப்போகும். பகலில் பாப்பா சுருங்கியிருப்பதால் ஓரக் கதிருக்கு வழியில்லை. இருட்டினால் பாப்பா விரிகிறது, நிழலும் வருகிறது.

ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, ஒற்றைக் கண்ணால் அதன் வழியாக இழையைப் பாருங்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் தெரிகிற நிழல், துளை வழியே மறைந்தால் ஒளி வளைவதில்தான் கோளாறு. அது நான் சொன்னதாகவும் இருக்கலாம், சின்ன சிலிண்டர் பவராகவும் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாதது) இருக்கலாம், வெள்ளெழுத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம். மறையாவிட்டால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். கண்வலியோடு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

தறிமேல் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், இன்றைக்கே வித்தியாசம் தெரியும். மறுபடி சோதனைக்குப் போகும்போது கண்ணுக்கும் பாவுக்கும் இடையிலான தூரத்தை வீட்டில் யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லி, எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.